குட்டி, வாலு, பெருசு

புதுக் காரின் சீட்டுக்குப் போட்டு வரும் பாலிதீன் உறைக்கு வெயில் ஏற ஏற ஒரு வாசம் வரும். கொஞ்சம் புதுச்செருப்பு, கொஞ்சம் ரப்பர் பந்து, கொஞ்சம் ஆஸ்பத்திரி எல்லாம் கலந்த மாதிரி. அந்த வாசத்துக்காகவே நிறுத்தி வைத்த காருக்குள் ஏறி, வாயைப் பிளந்துகொண்டு தூங்கியவன் நான். அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஒரு பட்டிப் பொங்கலன்று வீட்டில் எல்லோரும் மாடுகளுக்குப் பொங்கலும் பழமும் ஊட்டிக்கொண்டிருந்தபோது, நான் மட்டும் வாசலில் நின்ற காரின் முன்பக்கச் சல்லடைக்குள் ஒரு கை பொங்கலைத் திணித்து, "தின்னு சாமி" என்று அதன் விளக்கைத் தடவிக் கொடுத்தேன். அப்போது நான் ஒன்றும் தொட்டில் பிள்ளை இல்லை, ஏழாம் வகுப்பில் அல்ஜீப்ரா படித்துக்கொண்டிருந்தேன். மறுநாள் எஞ்சினுக்குள் எறும்புகள் குடும்பத்தோடு குடியேறியிருந்தன. அப்பா என் முதுகில் போட்ட போட்டில் பொங்கல் எனக்கும் செரித்துவிட்டது.

அப்பா அப்படிக் கோபப்பட்டதற்குக் காரணம் இருந்தது. அந்தக் கார் எங்களுடையது அல்ல. கலாமணி அக்காவின் கல்யாணச் சீராக மாப்பிள்ளை வீட்டுக்குப் போக வேண்டியது. எறும்போடு சீர் கொடுத்த குடும்பம் என்று பேர் வாங்கினால் கிணத்துக்கடவுப் பக்கம் தலைகாட்ட முடியுமா?

கடல் தாண்டி வந்த அந்தக் கார்க் கம்பெனியின் பெயரை எங்கள் ஊரில் யாராலும் நாக்குப் புரண்டு சொல்ல முடியவில்லை. 'அந்தக் கம்பெனி' என்றால் போதும், புரிந்துவிடும். அதன் மாடல்களுக்கும் வெள்ளைக்காரன் வைத்த பெயர்களைச் சட்டை செய்யாமல் ஆடுமாட்டுக்கு வைப்பது போல நாங்களே வைத்துக்கொண்டோம். பின்பக்கம் மொண்ணையாக முடிகிற சின்னக் கார் 'குட்டி'. டிக்கி வைத்தது 'வாலு'. அதற்கும் மேலே, பிற்பாடு வந்த, நாலு கதவிலும் தேக்குப் போலப் பட்டை ஓடுகிற நீளமான கார் 'பெருசு'. ஒவ்வொன்றிலும் ஏசி முதலான எந்த வசதியும் இல்லாத மலிவான வகை 'மொட்டை', எல்லாம் இருப்பது 'டாப்பு'. கோயமுத்தூர் ஷோரூமில் கெஞ்சி வாங்கி வந்த வழுவழுப்பான கேட்லாக்கை நான் தலைமாட்டில் வைத்துத்தான் படுப்பேன். எந்த மாடலில் எந்தப் பொத்தான் இருக்கும் என்பதை வீட்டுக்கு வரும் 'ஒறம்பரை' சொந்தங்களின் முன்னால் என்னை நிறுத்தி ஒப்பிக்கச் சொல்வார்கள். மற்ற வீடுகளில் திருக்குறள், எங்கள் வீட்டில் இது.

எங்கள் பக்கத்தில் வரதட்சணை என்ற சொல்லை யாரும் வாயில் எடுக்கவே மாட்டார்கள். அது பட்டிக்காட்டுப் பழக்கம். மாப்பிள்ளையின் அம்மா எங்கள் வீட்டுக் கட்டிலில் உட்கார்ந்து, இளநீரை வேண்டாம் வேண்டாம் என்று குடித்துவிட்டு, இப்படித்தான் சொன்னார்: "நாங்க ஒண்ணுங் கேக்கலீங்க சம்மந்தி. உங்க பொண்ணுக்கு நீங்க செய்யறீங்க, அதுல நாங்க தலையிட முடியுங்களா? மூத்த மருமக வர்றப்ப அவங்கப்பாரு வாலு வெச்ச வண்டியொண்ணு கொண்டாந்து நிறுத்திப்போட்டாருங்க. நாங்க அதையுங் கேக்கலீங்க."

அந்த அம்மாள் கடைசி வரைக்கும் எதையும் கேட்கவில்லை. அதுதான் அவருடைய திறமை.

அப்பாவால் முடிந்தது குட்டிதான், அதிலும் மொட்டை. பொள்ளாச்சி மண்டபத்து வாசலில் பெரிய ரோஸ் ரிப்பன் கட்டி நிறுத்தியபோது வந்தவர்கள் மணமக்களைப் பார்ப்பதற்கு முன் அதைத்தான் சுற்றிப் பார்த்தார்கள். சிலர் குனிந்து டயரைக்கூட அமுக்கிப் பார்த்தார்கள். நான் பக்கத்திலேயே நின்று விளக்கம் கொடுத்துக்கொண்டிருந்ததால் அக்காவின் கழுத்தில் தாலி ஏறியதைப் பார்க்கவில்லை. இன்றைக்கும் ஆல்பத்தில் அந்தப் பக்கம் வந்தால் புதிதாகப் பார்ப்பது போலப் பார்ப்பேன்.

அக்கா வாழ்க்கைப்பட்டது ஆனைமலைப் பாதையில் கொப்பரைக் களம் வைத்திருந்த குடும்பத்தில். அடுத்த கோடை விடுமுறைக்கு என்னை அங்கே அனுப்பினார்கள். அக்கா அப்போது முழுகாமல் இருந்தாள். ஒருநாள் உச்சிப் பொழுதில் எல்லோரும் கோயிலுக்குக் கிளம்பினோம். மூத்த மருமகளின் ஏசி வண்டியில் அக்காவின் மாமியாரான அத்தையும் மற்றவர்களும் ஏறிக்கொள்ள, "அவங்கவங்க வண்டில அவங்கவங்க வாங்க, அதுதான் மருவாதி" என்று அக்காவையும் என்னையும் மச்சானோடு குட்டியில் ஏறச் சொன்னார் அத்தை. ஏறியதும் ஜன்னலருகே வந்து பரிவாக இன்னொன்றும் சொன்னார்: "கண்ணாடிய எறக்கீராதே அம்மணி, சீட்டெல்லாம் புழுதி படியும்." சீட்டில் பாலிதீன் அப்படியே இருந்தது, யார்தான் அதைக் கழற்றுவார்கள்? வயிற்றுப் பிள்ளைக்காரி மூடிய காருக்குள் வெந்துகொண்டு வந்தாள். மச்சான் ஒருமுறை கண்ணாடியின் கைப்பிடியைத் தொட்டார், முன்னால் போன வண்டியைப் பார்த்தார், கையை எடுத்துக்கொண்டார். கோயில் வாசலில் இறங்கியதும் அக்கா வாந்தி எடுத்தாள்.

எல்லோரும் சுற்றி நின்றபோது அத்தை என்னைப் பார்த்து, "ஏங்கண்ணு, உனக்குத்தேன் காரெல்லாம் அத்துபடியாமா. இதுல காத்துப் பொட்டி வராதா?" என்றார். இப்படி ஒரு கேள்விக்காகத்தானே நான் பிறந்தே இருக்கிறேன்? "டாப்புல வருமுங்க அத்தை. இது மொட்டைங்க" என்றேன். கேட்லாக்கின் பக்க எண்ணையும் சேர்த்துச் சொன்னதாக நினைவு.

"மொட்டையாமா!" என்று அத்தை சிரித்த சிரிப்பில் கோயில் புறாக்கள் பறந்தன. அன்றிலிருந்து அந்த வீட்டில் அக்காவுக்கு அதுதான் பெயர். "மொட்டையக் கூப்புடு, காப்பி கொண்டாரட்டும்." "மொட்டை குளிச்சாச்சா?" இடுப்பு வரைக்கும் தொங்கும் கூந்தலோடு அக்கா அந்தப் பெயருக்குத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கும் முதலில் சிரிப்புத்தான் வந்தது.

விஷயம் அப்பாவின் காதுக்கு வந்தபோது, அவர் யாரிடமும் சண்டைக்குப் போகவில்லை. நோய் எதுவென்று கண்டுபிடித்துவிட்டவர் போலத் தெளிவாக இருந்தார். மொட்டை கொடுத்ததால் வந்த வினை, டாப்பு கொடுத்தால் போய்விடும். குழந்தைக்குக் காதுகுத்து வந்தது. காதுகுத்து என்றால் தாய்மாமன் சீர். தாய்மாமன் என்றால் நான். எங்கள் தோப்பில் வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துத் தென்னைகள் வேறொருவர் கைக்குப் போயின. அரும்பு மீசையோடு, வேட்டி அவிழ்ந்துவிடாமல் இருக்கப் பள்ளிக்கூட பெல்ட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, சபை நடுவில் மச்சானின் கையில் வாலு டாப்பின் சாவியைக் கொடுத்தேன். எங்கள் ஜில்லாவிலேயே பரீட்சையில் கணக்கில் தோற்றுவிட்டுக் கார் பரிசளித்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். கைதட்டினார்கள். குழந்தை என் மடியில் வீறிட்டு அழுதது, ஆசாரி அதன் காதில்தானே குத்தினார்.

பெயர் மட்டும் போகவில்லை. "வாலு வந்தும் மொட்டை மொட்டைதானுங்க" என்று அத்தை விருந்தாளிகளிடம் செல்லமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த வண்டி களத்துக் கொட்டகையில் போர்வை போர்த்தி நின்றது. அக்கா எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் பஸ்ஸில்தான் வந்தாள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் வேலிப் படலைத் திறக்கும்போது நான் கேட்கும் முதல் கேள்வி, "வண்டி எங்கக்கா?"

அப்புறம் அந்தக் கம்பெனி பெருசை இறக்கியது. தீபாவளிக்கு அக்கா வீட்டுக்குப் போன நான் இனிப்புப் பெட்டியோடு புதுக் கேட்லாக்கையும் மச்சானுக்குக் கொடுத்தேன். அவர் கட்டிலில் சாய்ந்தபடி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி, நெடுநேரம் பார்த்து, "நல்லாத்தான் இருக்குது மாப்ளே. நாங்க கேக்கலையே" என்று டிவியின் மேல், எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்தார்.

தோப்பில் மிச்சமிருந்தது கிணற்றடிதான். அப்பா அதை விற்கத் தயங்கினார். அந்தத் தயக்கம் அக்கா வீட்டில் என்னவாக மாறியது என்பதை ஓர் ஆடி மாதத்து நண்பகலில் பார்த்தோம். காற்றில் மட்டைகள் விழுந்துகொண்டிருந்தன. எங்கள் தடத்தில் புழுதி கிளம்ப, வேலி முள்ளில் கரகரவென்று உரசிக்கொண்டு வாலு வந்து நின்றது. ஓட்டி வந்தது அக்கா. பின்சீட்டில் குழந்தை தூங்கியது. சின்ன வயதில் எங்கள் தோப்பில் டிராக்டர் ஓட்டிப் பழகியவள் என்றாலும் அந்தக் காரை அதற்கு முன்னால் அவள் தொட்டதில்லை, தொட விட்டதில்லை. பொள்ளாச்சி டவுனையும் தாண்டி எல்லாத் தூரமும் இரண்டாவது கியரிலேயே வந்திருப்பாள் போலிருக்கிறது, எஞ்சின் நெருப்பாகக் கொதித்தது.

அவள் இறங்கினாள். ஒரு கையில் வளையல்கள் இருந்தன. இன்னொரு கையில் வளையலுக்குப் பதிலாக வரிவரியாகக் கீறல். நான் காரைச் சுற்றி ஓடி வந்து, "அக்கா, லெப்டுக் கதவுல கீறல் உழுந்துருச்சு!" என்று கத்தினேன்.

அப்பாவும் முதலில் கதவைத்தான் பார்த்தார். பிறகுதான் அவளை.

"அவுங்க வண்டியக் கேக்காம எடுத்துட்டு வரலாமா அம்மணி?"

"நீங்க வாங்கிக் குடுத்ததுதானுங்கப்பா."

"குடுத்தாச்சல்ல. குடுத்துட்டா அப்புறம் அது அவுங்களுது."

அக்கா சாவியை அவர் காலடியில் வைத்தாள். "நான் இங்கயே இருந்துக்கறனுங்க. தேங்கா பொறுக்கறேன், மாட்டுக்குச் சாணி அள்ளறேன். வண்டிய வேணா கொண்டுபோயி உட்டுருங்க."

அப்பா அவளைத் திட்டவில்லை, கை ஓங்கவில்லை. எங்கள் பக்கத்து ஆண்கள் பெண் பிள்ளையை அதட்ட மாட்டார்கள். 'கண்ணு', 'அம்மணி' என்று கூப்பிட்டே எல்லாவற்றையும் முடித்துவிடுவார்கள். "சாப்புடு கண்ணு மொதல்ல" என்றார். அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது காரை மோட்டார்த் தொட்டிக்கு ஓட்டிப்போய் அவரே கழுவினார். நான் டயர் தேய்த்தேன். அம்மா தன் கையிலிருந்த கண்ணாடி வளையல்களைக் கழற்றி, சோப்புப் போட்டு, அக்காவின் வெறுங்கையில் ஏற்றினாள். இருவரும் அழவில்லை, ஏற்றுவது கஷ்டமாக இருந்ததால் இரண்டு பேருடைய கவனமும் அதிலேயே இருந்தது.

பொழுது சாய்வதற்குள் கிளம்பினோம். அப்பா ஓட்டினார். எனக்கு முன்சீட்டு. அதுவரை டாப்பின் முன்சீட்டில் உட்காரும் பாக்கியம் எனக்குக் கிடைத்ததே இல்லை. பட்டனை அமுக்கினால் கண்ணாடி இறங்கியது, அமுக்கினால் ஏறியது. அக்காவும் குழந்தையும் பின்னால். பொள்ளாச்சியில் பங்க்கில் டேங்க்கை நிரப்பிய பிறகு அப்பா ஒரு பெயிண்ட் பட்டறை முன்னால் நிறுத்தினார். கதவுக் கீறலை டச்சப் செய்ய வேண்டுமாம். அது காயும் வரை அக்கா பட்டறை பெஞ்சில் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு ரோட்டைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். வேலை முடிந்ததும் பட்டறைக்காரர் துணியால் ஒரு தட்டுத் தட்டி, "எங்க அடிபட்டுச்சுன்னு இனி யாருக்குந் தெரியாதுங்க" என்றார். அப்பாவின் முகத்தில் அப்போதுதான் அன்றைக்கு முதல்முறையாகத் தெளிச்சம் வந்தது.

அத்தை வாசலுக்கே வந்துவிட்டார். "எதுக்குங்க சம்மந்தி இத்தன தூரஞ் சிரமப்பட்டு? சொல்லியுட்டிருந்தா நாங்களே வந்திருப்பமுங்களே" என்று சொல்லிக்கொண்டே வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். கதவில் ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. "உள்ள போ மொட்டை, அடுப்பப் பாரு" என்றார். அக்கா போனாள். நாங்கள் காப்பி குடித்துவிட்டு நடந்துபோய் பஸ் ஏறினோம்.

பஸ்ஸில் அப்பா டிக்கெட் எடுத்து மடித்து மேல்பையில் வைத்தார். பிறகு, "அந்தப் பெருசுல டாப்பு எப்பக் கண்ணு வருது?" என்று கேட்டார். கிணத்துக்கடவு வரும் வரைக்கும் நான் சொல்லிக்கொண்டே வந்தேன்.

பெருசும் போய்ச் சேர்ந்தது. கிணற்றடியும் போயிற்று. இப்போது அந்த இடத்தில் மனைகள் பிரித்து எல்லைக்கல் நட்டிருக்கிறார்கள். மூன்று மாடல்களையும் அந்தக் கம்பெனி நிறுத்திப் பல காலம் ஆகிறது. எப்போதாவது உக்கடத்துப் பழைய இரும்புக் கடைகளில் குட்டியின் கதவு ஒன்று தனியாகச் சாய்ந்து கிடக்கும். அத்தை இல்லை, அப்பாவும் இல்லை. கொப்பரைக் களத்தில் இப்போது ஏசி மண்டபம் எழும்பி, அதன் வாசலில் வேறு வேறு கம்பெனிகளின் கார்கள் ரிப்பனோடு நிற்கின்றன. மச்சானுக்கு முழங்கால் போய்விட்டது. அக்காவை மொட்டை என்று கூப்பிட இனி அந்த வீட்டில் யாருக்கும் தெம்பில்லை.

போன மாதம், அரைக் கிழவனான பிறகு, முதல்முறையாகச் சொந்தக் காசில் ஒரு கார் எடுத்தேன். அதே கம்பெனி, பெட்ரோலே குடிக்காத, சாவியே இல்லாத, நடுவில் டிவி வைத்த மாதிரி ஒரு மாடல். காட்டுவதற்காக நேராக அக்கா வீட்டுக்குப் போனேன். அவள் பொள்ளாச்சி போவதற்காகப் பையோடு ரோட்டோரத்தில் நின்றிருந்தாள். நான் இறங்கி, இளித்துக்கொண்டு, முன்கதவைத் திறந்துபிடித்து, "ஏறுங்கக்கா, நானே கொண்டுபோயி உடறேன்" என்றேன்.

அவள் காரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

"நீங்கெல்லாங் கொண்டுபோயி உட்டதே போதுண்டா. தள்ளு, பஸ்ஸு வருது."