மூன்று போன்காரர்

கல்வராயன் மலையேறும் பேருந்தில் என் பக்கத்து இருக்கைக்காரர், இரவல் வாங்கிய மூன்று போன்களை ஜன்னலோரம் பிடித்திருந்தார். மூன்றிலும் வெவ்வேறு கம்பெனி சிம். ஒவ்வொரு வளைவிலும் சிக்னல் கோடுகளைச் சத்தமாக எண்ணினார். பேருந்தே சேர்ந்து எண்ணியது.

"மூணுக்கும் எம்பொண்ணு மாத்தி மாத்தி போன் போட்டுக்கினு இருக்குது. எங்க ஊர்ல எது அடிக்குதோ, அந்தக் கம்பெனி சிம்மு போட்டு புதுபோன் வாங்கணுங்க."

நான் என் புது 5ஜி போனின் கேமராவைப் புகழ்ந்தேன்.

"படம் இன்னாத்துக்குங்க? அது மூஞ்சி எனக்குத் தெரியும். கொரலு வந்தா போதும்."

பேருந்து அவர் ஊரில் நின்றதும் மூன்றில் ஒரு போன் அடித்தது. பேருந்தே கைதட்டியது. என் போனில் ஒரு கோடுகூட இல்லை.

"எந்தக் கம்பெனிங்க?" என்று கத்தினேன்.

"சாப்டியாம்மா?" என்று போனில் மகளைக் கேட்டபடி அவர் இறங்கி நடந்துவிட்டார்.