எங்கள் பேய் ஆல்பம்

திண்டுக்கல்லில் ப்ராக்ரெசிவ் ராக் வாசிப்பவர்கள், எனக்குத் தெரிந்து, மூன்றே பேர். மூவரும் ஒரே குழுவில் இருக்கிறோம். நான் பள்ளியில் இயற்பியல் ஆசிரியர், ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோயில் பாடகர் குழுவுக்குக் கீபோர்டு வாசிப்பேன். கிடார் வாசிக்கும் நண்பனுக்குப் பூ கமிஷன் கடை. டிரம்ஸ் வாசிப்பவன் பேண்ட் செட்காரன். திருவிழாவுக்கும் போவான், சாவு வீட்டுக்கும் போவான். எங்கள் பாட்டு ஒவ்வொன்றும் கால் மணி நேரம் ஓடும். நடுவில் தாளம் மாறிக்கொண்டே இருக்கும். "ஒரே தாளத்துல போனா போலீசு புடிச்சுருமா?" என்று என் மனைவியே கேட்பாள். ரசனை இல்லாதவர்களிடம் நான் வாதம் செய்வதில்லை.

கல்லூரியில் படிக்கும்போதிருந்தே பழைய ஆங்கிலப் பேய் நாவல்கள் என்றால் எனக்கு உயிர். பனிமூட்டம், பாழடைந்த மாளிகை, நிலவறை. வெயிலில் வெந்துகொண்டு அந்தக் குளிரைப் படிப்பதில் ஒரு சுகம் இருக்கிறது. அந்த நாவல்களின் சாயலில் ஒரு கதை கட்டி, அதையே முழு ஆல்பமாக்கினேன். மலை மேல் மாளிகையில் ஒரு பிரபு. அவன் மனைவி இறந்துபோகிறாள். பிறகு தினமும் இருட்டியதும் கல்லறையிலிருந்து எழுந்து வந்து கதவைத் தட்டுகிறாள். அவன் நடுங்கிப்போய் ஒவ்வொரு அறையாகப் பூட்டிக்கொண்டு உள்ளே உள்ளே போகிறான். கடைசிப் பாட்டில் மிச்சம் இருப்பது ஒரே ஒரு கதவு.

கதவைத் தட்டுபவளின் குரலுக்கு என் அக்காவை விட்டால் ஆள் கிடையாது. சின்ன வயதிலிருந்து பாடகர் குழுவில் முன்வரிசையில் நின்றவள். அவளைக் கட்டிய மச்சானும் அதே குழுவில்தான் பாடினார். அவர் மாரடைப்பில் போனபின் அக்கா பாடுவதை நிறுத்திவிட்டாள். பூசைக்கு வருவாள், கடைசி பெஞ்சில் உட்கார்ந்து உதட்டைக்கூட அசைக்காமல் எழுந்து போவாள். யாராவது கேட்டால் தொண்டை சரியில்லை என்பாள். எனக்கு ஆல்பம் முக்கியம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அக்கா மறுபடி பாட வேண்டும் என்பது அதைவிடப் பெரிய ஆசை. அதை முகத்துக்கு நேரே சொல்லத் தைரியம் இல்லாமல்தான் பாட்டைத் தூக்கிக்கொண்டு போனேன்.

அக்கா அவரைக்காய் நறுக்கிக்கொண்டே வரிகளை வாசித்தாள்.

"செத்த பொண்டாட்டி வாரா. இந்த ஆளு எதுக்குக் கதவப் பூட்டுறான்?"

"பேய்க்கா அது. பயப்படுறான்."

"கட்டுன பொண்டாட்டிகிட்ட என்னடா பயம்? போடா, வேற ஆளப் பாரு."

இலக்கியம் தெரியாதவள் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

அடுத்த வாரம் கல்லறைத் திருநாள். ஆல்பத்தின் தொடக்கத்துக்குக் கல்லறைத் தோட்டத்தின் அமானுஷ்யமான ஓசை வேண்டும் என்று ரெக்கார்டரோடு கிளம்பினோம். வருடத்தில் ஊரே அங்கே கூடுகிற ஒரே நாளை அதற்குத் தேர்ந்தெடுத்த புத்திசாலிகள் நாங்கள். கல்லறைகளுக்குச் சுண்ணாம்பு அடித்து, கோழிக்கொண்டையும் செவ்வந்தியும் வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றி, பக்கத்துக் கல்லறைக்காரர்களோடு ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள் மெழுகை உருட்டி விளையாடின. ஹெட்போனை மாட்டிப் பார்த்தேன். "எப்ப வந்தீக? மதுரையில மழையா?" என்று யாரோ யாரையோ விசாரிப்பதுதான் கேட்டது. டிரம்ஸ்காரன் விழுந்து விழுந்து சிரித்தான். எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவில்லை.

சாமியார் ஒவ்வொரு கல்லறையாக மந்திரித்துத் தீர்த்தம் தெளித்துக்கொண்டு போனார். நான் மச்சான் கல்லறைக்குப் போனபோது அக்கா தனியாக இருந்தாள். காற்றில் மெழுகுவர்த்தி அணைந்து அணைந்து போயிற்று. "இருங்க, இருங்க, ஏத்துறேன்," என்று கல்லைப் பார்த்துச் சொன்னாள். பிறகு சேலைத் தலைப்பால் காற்றை மறைத்து ஏற்றிவிட்டு, சின்ன மகளுக்குக் காலேஜில் இடம் கிடைத்ததைச் சொன்னாள். மோட்டார் மறுபடி மக்கர் பண்ணுவதைச் சொன்னாள். நான் நின்றுகொண்டே இருந்தேன். என் பிரபுவின் மீது எனக்கே வெறுப்பாக இருந்தது.

திரும்பி என்னைப் பார்த்தவள், "ஏலே, அந்தப் பாட்ட நான் பாடுறேன். ஆனா என்னைச் சாகடிக்காத," என்றாள். "சாகுறது அந்த ஆளா இருக்கட்டும். அவரு வந்து தட்டட்டும். உள்ள நான் இருக்கேன்."

கிடார் நண்பன் தலையில் கை வைத்துக்கொண்டான். "போச்சு. பயமே இல்லாம என்னப்பா பேய்க்கதை?" எனக்கும் மனசே இல்லை. இருந்தும் ஒரு வாரம் உட்கார்ந்து எல்லாப் பாட்டையும் திருப்பிப் போட்டோம். சும்மா சொல்லக்கூடாது, முன்பைவிட நன்றாகவே வந்தது.

பூக்கடை மாடியில் சுவரெல்லாம் போர்வை தொங்கவிட்டு ஒலிப்பதிவு. கீழேயிருந்து மல்லிகை வாசம் ஏறி வந்தது. அக்கா மைக் முன்னால் கண்ணை மூடி நின்றாள். முதல் வரியில் குரல் பிசிறியது, அடுத்த வரியில் பழைய குரல் அப்படியே வந்துவிட்டது. கீபோர்டு வாசித்துக்கொண்டே அழுதுவிட்டேன். சந்தோஷத்தில் வந்த அழுகைதான்.

பாட்டின் முடிவில் டிரம்ஸ்காரன் பழைய பலகை ஒன்றை மூன்று முறை தட்ட வேண்டும். அக்கா உச்சக்குரலில் ஓர் ஆலாபனை எடுக்க வேண்டும். தட்டினான். அவள் பாடவில்லை. கொஞ்ச நேரம் கழித்துச் சாதாரணமாக, அடுப்படியிலிருந்து பேசுகிற குரலில் சொன்னாள்:

"வாங்க. இம்புட்டு நேரமா?"

அடுத்து வர வேண்டிய தாளத்தை டிரம்ஸ்காரன் வாசிக்கவே இல்லை. நான்தான் மெல்ல எழுந்து பதிவை நிறுத்தினேன்.

"நல்லா வந்துருச்சுக்கா. இது போதும்."

அக்கா கண்ணைத் திறக்கவில்லை.

"இருக்கட்டும்டா," என்றாள். "இன்னொரு தடவ தட்டச் சொல்லு."