நாற்பத்திரண்டு துடிப்பு

அன்புசெல்வியின் இதயம் நிமிடத்துக்கு நாற்பத்திரண்டு முறைதான் துடித்தது. ஓட்டக்காரர்களுக்கு அது வழக்கம் என்று அவளைப் பரிசோதித்த டாக்டருக்கும் தெரியும். ஸ்கேனைப் பார்த்தபோதுதான் அவர் முகம் மாறியது. இதயத்தின் இடது அறைச் சுவர் பதின்மூன்று மில்லிமீட்டர் தடிமனாக இருந்தது; வழக்கமாக அது பத்தைத் தாண்டாது.

வீரபாண்டிக்காரி, வயது இருபத்தைந்து. அம்மா காளியாத்தாள் பனியன் கம்பெனியில், தைத்த துணியில் குறை பார்க்கும் செக்கிங் வேலை பார்க்கிறாள். ஓர் ஏற்றுமதி நிறுவனம் நடத்திய ஓட்டக் குழுவில் அன்புசெல்விக்குச் சம்பளத்தோடு இடம். பத்தாயிரம் மீட்டர் பந்தயத்துக்காக ஏழு வருடமாக வாரம் நூற்றைம்பது கிலோமீட்டர் ஓடிவந்தாள்.

மருத்துவ அறிக்கை வந்ததும் மேனேஜர் சாமியப்பன் கூப்பிட்டார்.

"ஓடறப்பவே பொட்டுனு விழுந்துட்டீங்கன்னா கம்பெனி பேரு என்னாகும்? செக்கிங்ல சீட் தர்றனுங்க. உக்காந்து வேலை பாருங்க."

"எனக்கு என்ன வியாதிங்க?"

"இதயத்தசை நோய்னு எழுதியிருக்குதே."

"நோய் இருக்கலாம்னு எழுதியிருக்குதுங்க. இருக்குதுன்னு எழுதலீங்க."

அவர் குழுப் பட்டியலில் அவள் பெயரை அன்றே அடித்துவிட்டார்.

பயிற்சியாளர் தீனதயாளன் வேறு வழி சொன்னார். "சென்னையில என்ற சிநேகிதன் குழு இருக்குது. ரிப்போர்ட் எல்லாங் கேக்க மாட்டாங்க. பேசாம வந்து ஓடு கண்ணு."

"நான் செத்துப்போனா நீங்க மாலை போட்டுட்டுப் போயிருவீங்க சார். எனக்கு உண்மை தெரியோணும்."

அவள் கோயமுத்தூருக்குப் பஸ் ஏறினாள். விளையாட்டு வீரர்களின் இதயத்தைப் பார்ப்பதற்கென்றே அங்கே பிரிசில்லா என்ற டாக்டர் இருந்தார்.

"இதயமும் தசைதானே. வருஷக்கணக்கா ஓடினா பெருக்கும். நோய் வந்தாலும் பெருக்கும். இந்த அளவுல ரெண்டையும் பிரிச்சுச் சொல்றது கஷ்டம்," என்றார் அவர். "மூணு மாசம் ஓடாம இருங்க. பயிற்சியால வந்ததுன்னா சுவர் சுருங்கும். நோய்னா அப்படியே நிக்கும்."

"சுருங்காம அப்படியே நின்னா?"

"நானே உங்களை ஓட விடமாட்டேன்."

"சரிங்க," என்றாள் அன்புசெல்வி. மழுப்பாத பதில் அவளுக்குப் பிடித்திருந்தது.

அந்த மூன்று மாதம் அவளுக்கு எந்தப் பந்தயத்தையும்விட நீளம். விடியுமுன் விழிப்பு வந்துவிடும், கால்கள் துடிக்கும், போர்வையைச் சுற்றிக்கொண்டு பல்லைக் கடிப்பாள். தெருவில் பார்க்கிறவர்கள் எல்லாம் இரக்கப்பட்டார்கள். இதுதான் சமயமென்று அம்மா ஒரு மாப்பிள்ளை வீட்டாரை வரச் சொன்னாள்.

"நோய் இருக்குதா இல்லையான்னு தெரிஞ்சப்புறம் வரட்டும்மா. இருந்தா அதைச் சொல்லித்தான் பேச்சே எடுக்கோணும்."

காளியாத்தாள் நான்கு நாள் அவளோடு பேசவில்லை.

மறுபடி ஸ்கேன் எடுத்தபோது பிரிசில்லா மூன்று தடவை அளந்து பார்த்தார். பத்து மில்லிமீட்டர். எம்.ஆர்.ஐ.யிலும் இதயத்தசையில் நோயின் தழும்பு எதுவும் இல்லை. வருடா வருடம் வந்து காட்ட வேண்டும் என்று சொல்லி, ஓடலாம் என்று கையெழுத்துப் போட்டார். அன்புசெல்வி அங்கே அழவில்லை. பஸ்ஸில் பல்லடம் வரும்வரை அழுதாள்.

கடிதத்தைச் சாமியப்பன் மேசையில் வைத்தாள்.

"உங்க எடத்துக்கு விஜயராணின்னு ஒரு பொண்ணு வந்தாச்சுங்களே."

"அந்தப் பொண்ணோட ஓட விடுங்க."

ஓட விட்டார்கள். அன்புசெல்வி அரைச் சுற்று பின்தங்கித் தோற்றாள். மூச்சு வாங்கச் சாமியப்பனிடமே வந்து, "எட்டு வாரங் கழிச்சு வர்றனுங்க," என்றாள். சொன்னபடியே, யாரும் கூப்பிடாமலே வந்தாள். இந்த முறை விஜயராணியைக் கடைசி வளைவில் தாண்டிவிட்டாள். இருவரையும் குழுவில் வைத்துக்கொள்வதாகச் சாமியப்பன் ஒப்பந்தத்தை நீட்டினார்.

அவள் பேனாவை எடுக்கவில்லை.

"குழுவுல எல்லாருக்கும் ஸ்கேன் எடுக்கோணுங்க. சந்தேகம் வந்தா விவரந் தெரிஞ்ச டாக்டர்கிட்ட அனுப்போணும். 'இருக்கலாம்'னு ஒரு வார்த்தைய வச்சு யாரையும் வெளிய தள்ளக்கூடாது. இதையும் சேத்து எழுதுங்க."

"நிபந்தனை போடற நெலமையிலயா இருக்கறீங்க?"

"ஆமாங்க," என்றாள் அன்புசெல்வி.

சாமியப்பன் ஒப்பந்தத்தைத் திரும்ப டைப் அடிக்கக் கொடுத்தார்.