முதுமாணி முடித்து முதலாம் வகுப்புக்கு

கல்வி முதுமாணிப் பட்டம் கையில் கிடைத்ததிலிருந்து புத்தளத்தில் எனக்கு ஒரே கேள்விதான். "அடுத்தது என்ன டீச்சர்?" மீன் கடையில் கேட்டார்கள். கல்யாண வீட்டில், ஒரே சஹன் தட்டில் கைபோட்டுச் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்கள். "கலாநிதிப் பட்டமா? இல்லாட்டி கல்விக் கந்தோர்ல பெரிய கதிரையா?"

பதில் என்னிடம் தயாராகவே இருந்தது. படிப்பின் கடைசிக் கட்டத்தில், இனி எதைக் கற்கப் போகிறோம் என்று ஒவ்வொருவராக எழுந்து சொல்லவேண்டியிருந்தது. நான் பாடசாலைத் தலைமைத்துவம் என்றேன், ஆய்வு முறையியல் என்றேன், கணினி வழிக் கற்பித்தல் என்றேன். விரிவுரையாளர் தலையாட்டினார். எனக்கே பெருமையாக இருந்தது. அதில் ஒன்றையாவது உண்மையில் அறிய ஆசைப்படுகிறாயா என்று யாராவது கேட்டிருந்தால் திருதிருவென்று விழித்திருப்பேன்.

எங்கள் அதிபர் கேள்வி கேட்கிற ஆளில்லை, வேலை கொடுக்கிற ஆள். "நீங்க இப்ப பெரிய படிப்புப் படிச்ச ஆள் டீச்சர். ஏழாம் ஆண்டில வாசிக்கத் தெரியாத புள்ளைகள் கொஞ்சப் பேர் இருக்கு. நீங்கதான் பாக்கணும்" என்றார். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. நான் சாதாரண தரப் பரீட்சை வகுப்புக்கு இலக்கியம் படிப்பிக்கிறவள். அ, ஆ சொல்லிக்கொடுத்ததே இல்லை. 'கீழ் வகுப்பில் என்னதான் படிப்பிக்கிறார்களோ' என்று ஆசிரியர் அறையில் வருடக்கணக்காகப் புறுபுறுத்தவளின் தலையிலேயே அது வந்து விழுந்தது.

வண்ண அட்டை வெட்டினேன். பாட்டுப் போட்டேன். பிள்ளைகளெல்லாம் சேர்ந்து உரக்க வாசித்தார்கள். ஒருத்தியை மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. சேர்ந்து வாசிக்கும்போது அவளுடைய வாய் மற்றவர்களின் வாய்க்குக் கொஞ்சம் பிந்தி அசையும். தனியே கேட்டால் நகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். "வாயத் திற மகள், முத்தா உதிரப் போகுது?" என்று ஒருநாள் கத்திவிட்டேன். மறுநாள் அவள் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை.

வீடு தேடிப் போனேன். கல்பிட்டிப் பாதையிலிருந்து உள்ளே, களப்பு நீரோரமாக ஒரு சிறிய வீடு. அவளுடைய உம்மா முற்றத்தில் கருவாடு புரட்டிக்கொண்டிருந்தார். அவருக்குப் படிப்பு வாசனை இல்லையென்று அவரே முதலில் சொன்னார்.

"போகமாட்டேன் எண்டு நிக்கிறா டீச்சர். தான் மக்குப் புள்ளையாம். எழுத்து ஏறாத புள்ளைய ஏன் வதைக்கணும்? இந்தப் பருவத்துக்குத் தொழிலுக்கு வாடிக்குப் போறதோட பள்ளிக்கூடத்த நிப்பாட்டிப்போடுவோம். எனக்கும் சமைக்கக் கைக்கு ஆள் வேணும்."

பன்னிரண்டு வயதுப் பிள்ளையை நிப்பாட்டுவதா? சட்டம் பேச வாயெடுத்தேன். அந்த முகத்தைப் பார்த்ததும் அதை விட்டுவிட்டேன். பிள்ளை எங்கே என்று மட்டும் கேட்டேன். "மத்ரஸாவுக்குப் போயிட்டா. அதுக்கு மட்டும் மழை வெயில் ஒண்டும் பாக்கமாட்டா" என்றார்.

அதுதான் எனக்குப் புதினமாக இருந்தது. மத்ரஸா இரண்டு வீடு தள்ளி. வாசலில் நிற்கும்போதே உள்ளேயிருந்து ஒரு குரல் தெளிவாகக் குர்ஆன் ஓதுவது கேட்டது. யாரோ பெரிய பிள்ளை என்று எட்டிப் பார்த்தால், என்னுடைய ஊமைப் பிள்ளை! யா அல்லாஹ், எனக்கு வெட்கமா ஆச்சரியமா என்றே தெரியவில்லை.

பாடமாக்கி ஓதுகிறாளாக்கும் என்று நினைத்தேன். சொல்லிக்கொடுக்கும் முஅல்லிமா என்னைவிட மிக இளையவர். அவரிடம் மெதுவாகக் கேட்டேன், இன்னும் போகாத ஒரு பக்கத்தை எடுத்துக்கொடுக்க முடியுமா என்று. எடுத்துக் கொடுத்தார். அவள் விரலை வைத்து, தடுக்கித் தடுக்கி, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி ஓதினாள். வாசிக்கிறாள்! வலமிருந்து இடமாக எழுத்துக்கூட்டி வாசிக்கிறவளுக்கு இடமிருந்து வலமாக என்ன வந்தது?

மூலையில் உட்கார்ந்து பார்த்தேன். நானும் சின்ன வயதில் அப்படித்தான் ஓதினேன், ஆனால் ஒருநாளும் அதை ஒரு வகுப்பாகப் பார்த்ததில்லை. இருபது பிள்ளைகள் ஒரே இரைச்சலாக ஓதிக்கொண்டிருக்க, ஒவ்வொருவராக முஅல்லிமாவுக்கு முன்னால் வந்து இருக்கிறார்கள். அவர் அந்த ஒரு குரலை மட்டும் கேட்கிறார். பிழைத்தால் நாளைக்கும் அதே வரிதான்.

"ஆத்திரம் வராதா?" என்று கேட்டேன்.

"வரும் டீச்சர். ஆனா அடுத்த வரிக்கு விடமாட்டேன். இவ வருஷா வருஷம் வாடிக்குப் போயிட்டு மாசக்கணக்கில பிந்தி வாறவ. வந்தா விட்ட இடத்தில தொடங்குவா. அவ்வளவுதான்."

எனக்கு விளங்கியது. சோளகக் காற்று எழுந்தால் எங்கள் பக்கக் கடல் தொழிலுக்கு ஆகாது. குடும்பத்தோடு கிழக்குக் கரைக்குப் போய்க் குடிசை போட்டுத் தொழில் செய்வார்கள், அதைத்தான் வாடி என்பது. காற்று மாறினால் திரும்பி வருவார்கள். முதலாம் ஆண்டில் அவள் திரும்பி வந்தபோது வகுப்பு உயிர்மெய்யைத் தாண்டிவிட்டது. இரண்டாம் ஆண்டில் இன்னும் தூரம். யாரும் நின்று பார்க்கவில்லை. அவள் சேர்ந்து வாயசைக்கப் பழகிக்கொண்டாள்.

கிளம்பும்போது முஅல்லிமா என்னைப் பிடித்துக்கொண்டார். "எங்கட புள்ளைகள் நல்லா ஓதும் டீச்சர், ஆனா அர்த்தம் தெரியா. வாசிக்கிறத விளங்கப்பண்றது எப்படி?" எனக்குப் பதில் தெரியவில்லை. இவ்வளவு படித்தும் தெரியவில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மூளை குறுகுறுத்தது. பட்டப் படிப்பு நடந்த அத்தனை மாதங்களிலும் வராத குறுகுறுப்பு அது.

அடுத்த நாள் உம்மாவிடம் கெஞ்சிக் கூத்தாடி, பருவம் தொடங்கும்வரை அவளை அனுப்பச் சம்மதம் வாங்கினேன். மேசைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள். முதலாம் ஆண்டுப் புத்தகத்தை மற்றவர்கள் பார்த்துவிடாமல் ஏழாம் ஆண்டுப் புத்தகத்துக்குள் வைத்துத் திறந்தோம். பிழைத்தால் நாளைக்கும் அதே வரி.

"நீங்க முஅல்லிமா மாதிரியே செய்யிறீங்க டீச்சர்" என்றாள் ஒருநாள்.

"ஏன், நல்லா இல்லையா?"

"நல்லம். ஆனா அவ இப்பிடிக் கத்தமாட்டா."

சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள்.

ஓய்வு கிடைத்தால் முதலாம் ஆண்டு வகுப்பில் போய்ப் பின்வரிசைச் சின்னக் கதிரையில் முழங்கால் இடிக்க உட்காரத் தொடங்கினேன். 'க'வையும் 'கா'வையும் ஒரு ஆறு வயதுப் பிள்ளை எப்படி வேறு பிரிக்கிறது? எந்த இடத்தில் தடுக்குகிறது? பார்க்கப் பார்க்க ஆசை அடங்கவில்லை. வார இறுதியில் நடக்கும் ஆரம்பக் கல்விப் பாடநெறியொன்றில் சேர்ந்தேன். என்னுடைய பட்டத்துக்கு அது எத்தனையோ படி கீழே. "ஏறி முடிஞ்சு இப்ப இறங்குறீங்களாக்கும்" என்றார் என் வீட்டுக்காரர். மீன் கடையில் இன்னும் மோசம். முதுமாணி முடித்து முதலாம் வகுப்பா என்று விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

சோளகம் எழுந்தது. அவள் மூன்றாம் ஆண்டுப் புத்தகத்தின் நடுவில் நின்றாள். லொறியில் பானை சட்டி ஏற்றிக்கொண்டிருந்த உம்மாவிடம், திரும்பி வந்ததும் அனுப்புவீர்களா என்று கேட்டேன். "பாப்போம் டீச்சர்" என்றார். எங்கள் பக்கத்தில் பாப்போம் என்றால் பெரும்பாலும் இல்லை என்றுதான் அர்த்தம்.

இரண்டு மாதம் ஒரு தகவலுமில்லை. பிறகு ஒரு பகல் பொழுது, நான் குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தபோது கைபேசிக்கு ஒரு குரல்பதிவு வந்தது. அவள்தான்.

"டீச்சர், பாண் சுத்தி வந்த பேப்பர் ஒண்டு. வாசிக்கிறேன், கேளுங்க. மீ…ன…வர்கள். மீனவர்கள் கட…லுக்குச் செல்வ…தைத் தவிர்க்கு…மாறு…" அதே வரியை மறுபடி மெல்லக் கூட்டினாள். பிறகு குரல் அடியோடு மாறியது. "டீச்சர்! வாப்பா கடலுக்குப் போயிருக்காரே!"

மீன் செதில் ஒட்டிய கையாலேயே அழுத்திப் பேசினேன். "பயப்படாத மகள். தாளின்ட மேல் ஓரத்தப் பாரு. திகதி இருக்கும், வாசி."

அடுத்த பதிவு வந்தது.

"போன வருஷத்துப் பேப்பர் டீச்சர்!" அவள் அழுதுகொண்டே சிரிப்பது கேட்டது. நானும் அப்படித்தான் நின்றேன். அவளுக்கு விளங்கியிருக்கிறது. எப்படி விளங்கியது, எந்தச் சொல்லில் விளங்கியது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. இனி நான் கற்க வேண்டியது அதுதான். அதற்கு எந்தப் பட்டம் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

கடைசியாக ஒரு பதிவு வந்தது, உம்மாவின் குரலில்.

"டீச்சர், காத்து மாறின உடனே கூட்டிட்டு வாறேன். ஏழாம் ஆண்டா எட்டாம் ஆண்டா எண்டு எனக்குத் தெரியா. ஒங்களுக்கு முன்னுக்கு இருத்துங்க."