பத்து நிமிட மெசின்

கதிரவெளி வினாயகமூர்த்தி படகு கேட்டு எழுதிக் கொடுத்தவர். சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த அன்று அவருடைய வள்ளமும் எஞ்சினும் போய்விட்டன. ஆறு மாதம் கழித்து நிவாரணக்காரர்கள் தோட்டம் உழுகிற கை மெசின் ஒன்றைக் கொண்டுவந்து இறக்கினார்கள். அவருக்கு வரவேண்டிய படகு மிளகாய்த் தோட்டக்காரர் சீனித்தம்பிக்குப் போயிருந்தது. மாற்றிக்கொள்ளலாம் என்று இவர் ஓடிப் போவதற்குள் சீனித்தம்பி அதை வாழைச்சேனையில் விற்றுவிட்டார். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக்கூடாது என்பார்கள். இவர் பல்லை மட்டுமல்ல, குடலையும் கழற்றிப் பார்த்தார்.

2006இல் ஷெல்லடிக்குப் பயந்து ஊரே ஓடியபோது, கிடங்கு வெட்டி மெசினை அதில் இறக்கி ஓலை போட்டு மூடிவிட்டுத்தான் அவர் ஓடினார். மறு வருடம் திரும்பி வந்தால் வீட்டுக்குக் கூரை இல்லை. மெசின் மட்டும் இருந்தது. அவர் மனைவி கண்ணகை அதைக் கட்டிக்கொண்டு அழுதார். அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை தோறும் அதற்குச் சந்தனப் பொட்டு வைத்தார்.

“பெற்றோலில ஓடுற சாமானுக்குச் சந்தனம் என்னத்துக்கு?” என்று வினாயகமூர்த்தி சிரிப்பார். எஞ்சின் விஷயத்தில் கடவுளுக்கு வேலை இல்லை என்பது அவர் கட்சி.

சண்டை முடிந்த வருடம், மழைக்கு முன்னால் கச்சான் கடலை விதைக்கவேண்டிய நேரத்தில், மெசின் சண்டித்தனம் பண்ணத் தொடங்கியது. பத்து நிமிடம் நல்ல பிள்ளையாக ஓடும். பிறகு இருமிவிட்டு நின்றுவிடும். அவர் மூடியைக் கழற்றிப் பெற்றோல் பார்ப்பார், பிளக்கைத் துடைப்பார், காபரேட்டரை ஊதுவார். கயிற்றை இழுத்தால் ஓடும். “கண்டுபிடிச்சிட்டன்,” என்பார். பத்து நிமிடத்தில் மறுபடி நிற்கும். ஒரே வாரத்தில் ஏழு தடவை கண்டுபிடித்தார். நாங்கள் வேலியோரம் நின்று எண்ணினோம்.

எண்ணிக்கொண்டே அண்ணாந்தும் பார்த்தோம். வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மண் நனைந்துவிட்டால் இந்தச் சின்ன மெசின் சேற்றில் நகராது. சொந்த வள்ளம் இல்லாத மனிதருக்குக் கச்சானும் போனால் அந்த வருடம் அடுப்பெரிய வேறு வழி இல்லை.

கடைசியில் கண்ணகை, கணவரைக் கேளாமலே, ஓட்டமாவடி மெக்கானிக் ஸாஹிருக்குச் சொல்லி அனுப்பினார். ஸாஹிர் வந்து மெசினை ஓட்டினார். பத்து நிமிடத்தில் நின்றது. பெற்றோல் மூடியை மெல்லத் திருகினார். உஸ்ஸென்று காற்று உள்ளே போனது. கயிற்றை இழுத்தார், ஓடியது.

“அண்ணன், வள்ளத்து டாங்கியில காத்துத் துவாரத்த அடைச்சிட்டு ஓட்டுவீங்களா?”

“ஆர் அடைப்பான்? காத்துப் போகாட்டி எண்ணெய் இறங்காது,” என்றார் வினாயகமூர்த்தி, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல.

ஸாஹிர் மூடியை நீட்டினார். அதன் நடுவில் இருந்த ஊசித் துவாரத்தின்மேல் சந்தனம் அப்பிக் கிடந்தது. அடியில் காய்ந்த அடுக்குகள், மேலே அன்று காலையின் ஈரம்.

“அக்கா, குறை நினைக்காதீங்க,” என்றார், கண்ணகையின் முகத்தைப் பார்க்காமலே. “பொட்டு நெத்தியில வைக்கிறதுதானே. இது மெசினுக்கு மூக்கு. மூக்குல வெச்சா மூச்சு முட்டும்.”

“நான் நெத்தியிலதான் தம்பி வைக்கிறன்.”

உண்மைதான். எஞ்சினின் முன் தகட்டில் போன வெள்ளிக்கிழமைப் பொட்டு வட்டமாக இருந்தது. நாங்கள் எல்லோரும் வினாயகமூர்த்தியைப் பார்த்தோம். அவர் கையை இடுப்பில் கட்டியிருந்த சாரத்தில் துடைக்கப் பார்த்தார். மோதிர விரல் மஞ்சளாக இருந்தது.

“வள்ளத்துக்கு நான் ஒண்டும் வைக்கல்ல புள்ள,” என்றார் கண்ணகையிடம், நிலத்தைப் பார்த்துக்கொண்டு. “அது போயிற்று. இதுவும் போயிருமோ எண்டு பயம்.”

அன்று யாரும் சிரிக்கவில்லை. மறுநாளிலிருந்து வட்டியும் முதலுமாகச் சிரித்தோம். ஆனால் அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஸாஹிர் குத்திக் கொடுத்த துவாரத்தோடு மெசின் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. மூன்றாம் நாள் மழை பிடித்தபோது கச்சான் மண்ணுக்குள் இருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை கண்ணகை சந்தனக் கிண்ணத்தை அவரிடமே நீட்டினார்.

“நெத்தியில,” என்றார்.