எட்டா, பத்தா?

ஜவ்வாது மலையில், சாலையோரப் பாறை ஒன்றில் அவரைச் சந்தித்தேன். சட்டை முழுக்கப் பைகள். கழுத்தில் உள்ளங்கைக்குள் அடங்கும் இரண்டு பைனாகுலர்கள், இரண்டும் உயர்ந்த ரகம்; ஒன்று எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், மற்றது பத்து மடங்கு. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைக் கடைக்குத் திருப்பி அனுப்ப வேண்டுமாம். மூன்று நாளாக முடிவு செய்ய முடியவில்லையாம்.

தலைக்கு மேலே கழுகு வட்டமிட்டது. அவர் நிமிரவேயில்லை. கீழே நிறுத்தத்தில் நின்ற ஆலங்காயம் பஸ்ஸின் பெயர்ப்பலகையைத்தான் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

“எட்டு மடங்குல கை நடுக்கம் தெரியல சார். பத்துல எழுத்து ஷார்ப்பா இருக்குது, ஆனா ஓரம் மங்குது.”

இப்படியும் ஒரு பிறவியா என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்தில் புளியம்பழம் பொறுக்கிக்கொண்டிருந்த பெண் கத்தினாள். “இன்னா சார், நீங்க போவணும்னு சொன்ன கடைசி பஸ்ஸு கெளம்பிடுச்சி, பாக்கலியா?”

“பாத்துக்கினேதான்மா இருக்கேன்” என்றார், பைனாகுலரைக் கண்ணிலிருந்து எடுக்காமல். “வளைவு திரும்புற வரைக்கும் நம்பர் தெளிவா தெரிஞ்சிச்சி. பத்துதான்!”

முடிவெடுத்த மகிழ்ச்சியில் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நானும் அந்த பஸ்ஸுக்காகத்தான் அங்கே உட்கார்ந்திருந்தேன்.