ஏழாம் நாள் கச்சேரி

மாசி மாதக் கடைசியில் கும்பகோணத்திலிருந்து நோட்டீஸ் கட்டு வந்து சேரும். மஞ்சள் காகிதம். மேலே ராமர் பட்டாபிஷேகப் படம் மை பூசினாற்போல் மங்கலாக இருக்கும். அதன் கீழே பத்து நாளுக்கும் பத்து வித்வான்களின் பெயர்கள். கட்டைப் பிரித்ததும் முதல் தாளை என் மாமனார் எடுத்துக்கொள்வார். இரண்டாவது எனக்கு. அதை அடுப்பங்கரைச் சுவரில் சோற்றுப் பருக்கையால் ஒட்டிவைத்து, உலை கொதிக்கும் நேரமெல்லாம் படித்துக்கொண்டிருப்பேன். யுத்தத்தால் காகிதத்துக்குப் பஞ்சம் வந்த அந்த வருஷம் நோட்டீஸ் பாதி அளவுதான் இருந்தது. எழுத்துகள் ஒன்றோடொன்று நெருக்கியடித்துக்கொண்டிருந்தன. ஏழாம் நாளுக்கு நேரே இருந்த பெயரை மட்டும் பெரிய எழுத்தில் போடச் சொல்லியிருந்தார் மாமனார்.

ஜெயங்கொண்டத்துக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே இருந்த எங்கள் ஊருக்கு அவர்தான் கிராம முன்சீப். மனைவியை இழந்தவர். அதிகம் பேசமாட்டார். அவர் இருக்கும் வீட்டில் மருமகள் வாய்விட்டு ஒரு வரி முணுமுணுப்பதுகூடத் தப்பு. ஆனால் ராமநவமி தொடங்கிப் பத்து நாள் பெருமாள் கோயிலுக்கு முன்னால் பந்தல் போட்டுக் கச்சேரி நடத்துகிறவரும் அவர்தான். அந்தப் பத்து நாளும் அவர் முகமே வேறாகிவிடும். தனி ஆவர்த்தனத்தின்போது தொடையில் தாளம் போடும் அவருடைய கையை, பெண்கள் உட்காரும் தட்டி மறைவிலிருந்து பார்த்திருக்கிறேன். காலையில் பண்ணையாளை ஏசிய மனிதரின் கைதானா இது என்று தோன்றும்.

நான் திருமானூரில் பிறந்தவள். தை மாதத்தில் அப்பா என்னைக் கொள்ளிடம் தாண்டித் திருவையாற்றுக்கு அழைத்துப் போவார். ஆற்று மணலில் உட்கார்ந்து பாட்டுக் கேட்டே வளர்ந்தவள். கல்யாணத்துக்குப் பிறகு எனக்கு வாய்த்தது இந்தப் பத்து நாள்தான். என் கணவர் யுத்த வேலையாக வடக்கே போயிருந்தார். இரண்டு மாதத்துக்கு ஒரு கடிதம் வரும். நெல் அவிப்பதும் மாடு கன்றைப் பார்ப்பதுமாக வருஷம் முழுவதும் நான் எதற்காகக் காத்திருந்தேன் என்று யாராவது கேட்டிருந்தால், கணவருக்காக என்றுதான் சொல்லியிருப்பேன். அது முழு உண்மை இல்லை.

ஏழாம் நாள் பாடகர் அதற்கு முன் இரண்டு வருஷம் ஒப்புக்கொண்டு வராமல் போனவர். ஒரு முறை தொண்டைக்கட்டு. இன்னொரு முறை அரியலூர் ஸ்டேஷன் வரைக்கும் வந்துவிட்டார். பெட்ரோல் பஞ்சத்தால் கரிவாயுவில் ஓடிய பஸ் வழியிலேயே நின்றுபோகவே திரும்பிவிட்டார். இந்தத் தடவை மாமனார் ஸ்டேஷனுக்கே வில்வண்டி அனுப்புவதாக ஏற்பாடு. மண்ணெண்ணெய் கிடைக்காததால் கச்சேரியெல்லாம் பிற்பகல் மூன்று மணிக்கு ஆரம்பித்துப் பொழுது சாய்வதற்குள் முடிய வேண்டும். தெருவில் போகிறவரை எல்லாம் மாமனார் நிறுத்தி, "இந்த வருஷம் வந்துடுவாரு" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

முதல் கச்சேரிக்கு ஐந்து நாள் இருந்தது. மாட்டுக்கொட்டகையில் சாணி அள்ள வரும் அஞ்சலை அன்று வரவில்லை. வெயில் ஏறிய பிறகு கொல்லைப் படலுக்கு அப்பால் வந்து நின்றாள்.

"அம்மா, வூட்டுக்காரருக்கு விடிகாலையிலேருந்து வாந்தியும் பேதியுமா போவுதும்மா. கண்ணு உள்ள போயிருச்சு. ஐயாகிட்ட சொல்லி ஏதாவது மருந்து வாங்கித் தாங்கம்மா."

நான் உள்ளே போய்ச் சொன்னேன். பந்தல்காரரோடு மூங்கில் கணக்குப் பேசிக்கொண்டிருந்த மாமனார், "கெட்டுப்போன கருவாட்டத் தின்னிருப்பான். ஓமத்தண்ணி குடுத்து அனுப்பு" என்றார். கொடுத்து அனுப்பினேன். சாயங்காலம் அவன் செத்துப்போனான்.

காலரா என்று சந்தேகம் வந்தாலே முன்சீப் தாலுகா ஆபீசுக்கு எழுதிவிட வேண்டும். எழுதினால் மறுநாளே ஆட்கள் வருவார்கள். ஊசி போடுவார்கள், கிணற்றில் மருந்து போடுவார்கள், ஊரில் கூட்டம் கூடாது என்று தண்டோரா போடுவார்கள். இதெல்லாம் எனக்குத் தெரியும். சோறு போடும்போது, "எழுதணுமில்லீங்களா மாமா?" என்று கேட்டேன்.

"எழுதுனா பந்தலப் பிரிச்சுருவாங்கம்மா. ஒரு சாவ வச்சு அதுதான்னு எப்படிச் சொல்றது? பத்து நாள்தானே. முடிஞ்சதும் எழுதிடறேன்."

சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவர் என்னிடம் அனுமதி கேட்பதுபோல் பார்த்தது அதுதான் முதல் தடவை. நான் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் கேட்டிருப்பார் என்றே இன்றைக்கும் நினைக்கிறேன். எனக்கு ஏழாம் நாள் நினைவில் இருந்தது. குனிந்து ரசம் ஊற்றினேன்.

இரண்டு நாள் கழித்து அரியலூரிலிருந்து கார்டு வந்தது. என் நாத்தனாரின் கணவர் எழுதியிருந்தார். நாத்தனாருக்கு என் வயதுதான். அண்ணி அண்ணி என்று என்னைச் சுற்றிச் சுற்றி வருவாள். கச்சேரி நாட்களில் தட்டி மறைவில் என் பக்கத்தில் உட்கார்ந்து, நல்ல இடம் வரும்போது என் விரல்களைப் பிடித்து நெரிப்பாள். சுற்றுப்பட்டில் வாந்திபேதி என்று இங்கே பேசிக்கொள்கிறார்கள், அங்கே எப்படி, சௌக்கியம் என்றால் அனுப்புகிறேன் என்று அந்தக் கார்டில் இருந்தது. மாமனாருக்குக் கண்பார்வை மங்கல். கடிதமெல்லாம் நான்தான் எழுதுவேன்.

"ஊருல ஒரு குறையுமில்லேன்னு எழுது" என்றார்.

எழுதினேன். அவர் சொல்லாத ஒரு வரியையும் நானே சேர்த்தேன்: "அவசியம் வரவும், இந்த வருஷத்தை விட்டால் ஏழாம் நாள் வித்வானைக் கேட்கக் கிடைக்காது."

நாத்தனார் மூன்று வயதுப் பெண்ணை மாமியாரிடம் விட்டுவிட்டு முதல் நாளே வந்து சேர்ந்தாள். கொண்டைக்குக் கனகாம்பரமும் எனக்கு ஒரு சீப்பும் வாங்கி வந்திருந்தாள். கச்சேரிகள் நன்றாகவே நடந்தன. வாய்க்கால் வற்றிப்போயிருந்தது, ஊருக்குப் பெரிய குளம் ஒன்றுதான் தண்ணீர். மறுகரையில் அஞ்சலை இருந்த கீழத்தெருக்காரர்கள் துணி அலசினார்கள். இந்தக் கரையில் மொண்டு வந்த தண்ணீரில் பானகமும் நீர்மோரும் கரைத்து வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தோம். நான்காம் நாள் கீழத்தெருவில் இரண்டு சாவு என்றாள் அஞ்சலை. ஐந்தாம் நாள் அவள் மூத்த மகனும் போய்விட்டான். அதை அவள் என்னிடம் சொல்லும்போது அழவில்லை.

"மோளம் அடிக்க வேணாம்னு ஐயா சொல்லி அனுப்பிட்டாரும்மா. கச்சேரி முடியறவரைக்கும் சத்தம் வரக் கூடாதாம்" என்றாள்.

எங்கள் பக்கத்தில் எவ்வளவு ஏழையானாலும் மேளம் இல்லாமல் யாரையும் எடுத்துக்கொண்டு போவதில்லை. அந்த நாட்களில் கீழத்தெருவிலிருந்து போனவர்கள் எல்லோரும் சத்தமில்லாமல் போனார்கள். அஞ்சலையிடம் அரைப்படி அரிசி கொடுத்தேன். அவள் வாங்கிக்கொண்டாள். அதற்கு மேல் நான் ஒன்றும் செய்யவில்லை.

ஏழாம் நாள் பாடகர் வந்துவிட்டார். மெலிந்த மனிதர், மேடையில் ஏறி உட்கார்ந்த பிறகு பெரியவராகத் தெரிந்தார். ஐந்து மணி இருக்கும், தோடி ராகத்தை எடுத்தார். அதைப் பற்றி இப்போது எழுத எனக்கு யோக்கியதை இல்லை. ஆனால் கேட்டதை மறைக்கவும் மாட்டேன். காந்தார ஸ்வரத்தில் வந்து அவர் நின்றபோது பந்தலே மூச்சை அடக்கிக்கொண்டது. நாத்தனார் என் விரல்களை நெரித்தாள். அந்த நிசப்தத்தில் கீழத்தெருப் பக்கமிருந்து ஒரு பெண்ணின் அலறல் வந்தது. ஒரே ஒரு தடவை. யாரோ வாயைப் பொத்தினாற்போல் பாதியில் நின்றுவிட்டது.

பாடகர் கண்ணைத் திறந்தார். "என்ன அது?" என்று கேட்டார்.

முதல் வரிசையில் இருந்த மாமனார் கைகூப்பி, "ஒண்ணுமில்லீங்க. நீங்க பாடுங்க" என்றார்.

அவர் பாடினார். எனக்கு அந்த நேரத்தில் யார் மேலும் இரக்கம் வரவில்லை. இந்த இடத்தில்தானா கத்த வேண்டும் என்று எரிச்சல்தான் வந்தது. இத்தனை வருஷத்தில் நான் யாரிடமும் சொல்லாதது இது.

மறுநாள் விடிகாலையில் நாத்தனார் கொல்லைப்பக்கம் போய்த் திரும்பி வரும்போதே சுவரைப் பிடித்துக்கொண்டாள். ஒரு மணி நேரத்தில் அவள் கை விரல்களெல்லாம் தண்ணீரில் ஊறியவை போலச் சுருங்கிவிட்டன. மாமனார் வண்டியைக் கட்டச் சொல்லி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்று அவளைத் தானே தூக்கிக்கொண்டு வந்து படுக்கவைத்தார். நானும் ஏறிக்கொண்டேன். ஜெயங்கொண்டத்துச் சாலையில் முந்திரிக்காடு ஆரம்பிக்கிற இடத்தில், "அண்ணி, தாகமா இருக்குது" என்றாள். கொடுத்தால் வாந்தி எடுப்பாள் என்று பயந்து நான் ஈரத்துணியால் உதட்டை மட்டும் நனைத்தேன். சிறிது தூரம் போன பிறகு மாமனார் வண்டியைத் திருப்பச் சொன்னார்.

அன்று பகலே தாலுகா ஆபீசுக்கு ஆள் போயிற்று. ஊசி போடுகிறவர்கள் வந்தார்கள். மீதி மூன்று கச்சேரிகள் நடக்கவில்லை. ஊரில் பாடை கட்ட மூங்கில் போதவில்லை. பந்தலைப் பிரித்து எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார் மாமனார். ஒரு வாரத்தில் கோயில் முன்னால் பந்தல்கால் நட்ட குழிகள் மட்டும்தான் மிச்சம்.

நாத்தனாரின் கணவர் காரியத்துக்கு வந்தார். அவர் மாமனாரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. கிளம்புகிறபோது அடுப்பங்கரை வாசலுக்கு வந்து நின்று, "ஒன் கையெழுத்த நம்பித்தான் அனுப்புனேன், தங்கச்சி" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. நான் சொல்லித்தான் அவள் எழுதினாள் என்று, பின்னால் நின்றிருந்த மாமனார் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் திரும்பித் திண்ணைக்குப் போய்விட்டார்.

சாவுப் பதிவேட்டை எழுதும் நாள் வந்தது. தாலுகா குமாஸ்தா நல்லவிதமாகவே யோசனை சொன்னார்: "முதல் சாவு தேதிய ஒரு வாரம் தள்ளிப் போட்டுருங்க, யாரு கேக்கப் போறா?" மாமனார் கேட்கவில்லை. பார்வை மங்கியிருந்தும் என்னை எழுத விடாமல், காகிதத்தை மூக்கருகே பிடித்துக்கொண்டு, அஞ்சலையின் புருஷன் செத்த உண்மையான நாளை முதல் வரியாக அவரே எழுதினார். விசாரணை நடந்தது. முன்சீப் வேலை போயிற்று. அதன்பின் நான்கு வருஷம் இருந்தார். அவர் வாயிலிருந்து பாட்டைப் பற்றி ஒரு சொல் வரவில்லை. என்மேல் பழி வராமல் பார்த்துக்கொண்டார் என்றும் சொல்லலாம். என்னோடு பேசுவதற்கு அவரிடம் ஒன்றும் மிச்சமில்லை என்றும் சொல்லலாம்.

மறு வருஷம் ராமநவமியன்று கோயிலில் மணி அடித்ததோடு சரி. பிற்பகல் மூன்று மணிக்கு நான் கொல்லையில் நின்றிருந்தேன். சாணிக் கூடையோடு வந்த அஞ்சலை என்னை ஏற இறங்கப் பார்த்து, "எங்கம்மா பொறப்பட்டீங்க?" என்று கேட்டாள். அப்போதுதான் கவனித்தேன். குளித்து, நல்ல புடவை கட்டி, பூவும் வைத்திருந்தேன். எப்போது செய்தேன் என்று எனக்கே தெரியவில்லை. அவள் கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள். சங்கீதத்தை வெறுத்திருந்தால் எனக்கு நல்லதாக இருந்திருக்கும். அது நடக்கவில்லை.

நாத்தனார் விட்டுவிட்டு வந்த அந்த மூன்று வயதுக் குழந்தைக்கு இப்போது பேரப்பிள்ளை இருக்கிறது. சென்னையில் இருக்கிறாள். நான் என்றால் உயிரை விடுவாள். ஒவ்வொரு மார்கழிக்கும் நான் இருக்கும் திருச்சிக்கு வந்து, சென்னைக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சபா சபாவாக அழைத்துப் போகிறாள். தாயின் முகம் அவளுக்கு நினைவில்லை. "எங்கம்மாவுக்குப் பாட்டுன்னா ரொம்பப் பிடிக்குமா அத்தை?" என்று கேட்பாள். பிடிக்கும் என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். நல்ல இடம் வரும்போது அவளும் என் விரல்களைப் பிடித்து நெரிக்கிறாள். யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை.

போன வாரம் போன் செய்தாள். "டிக்கெட் எல்லாம் வாங்கிட்டேன் அத்தை, இந்த வருஷம் முன் வரிசை" என்றாள். எனக்கு சந்தோஷமாகத்தான் இருந்தது. அன்றைக்கே இதை எழுத உட்கார்ந்தேன். வேறு யாரும் படிப்பதற்கு முன் இது அவளுக்குப் போகிறது. படித்துவிட்டு அவள் வந்தால், போவோம்.